குப்பி லாம்புக்குக் கைதட்டாதீங்க

பரீட்சை முடிவு வருகிற நாளில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு கட்டாயம் வரும். ஓலெவல் ஆகட்டும், ஏலெவல் ஆகட்டும், வாசகம் மாறாது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்துச் சாதித்த தோட்டத் தொழிலாளியின் மகள். கீழே நூறு கைதட்டல், ஐம்பது இதயம். நானும் கைதட்டியிருக்கிறேன். 2022க்குப் பிறகு நிறுத்திவிட்டேன்.

குப்பி லாம்பைக் கண்டிராத டவுன் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு ஜாம் போத்தல், இல்லாவிட்டால் மருந்துப் போத்தல். தகர மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை. அதற்குள் பழைய சீத்தைத் துணியை முறுக்கி ஒரு திரி. உள்ளே பாதி அளவுக்கு மண்ணெண்ணெய். அவ்வளவுதான் லாம்பு. எங்கள் அப்பாயி பியூஸ் போன பல்பின் பின்பக்கத்தைப் பக்குவமாகத் தட்டி எடுத்து அதிலும் லாம்பு செய்வாங்க. பார்க்க அழகாகத்தான் இருக்கும். உருண்டையான அடி, மெல்லிய கண்ணாடி, உள்ளே எண்ணெய். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

2022 ஏப்ரல். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போயிருந்தது. ஏப்ரலில் கொஞ்சம் குறைந்தது என்றாலும் எப்போது போகும், எப்போது வரும் என்று நம்பி உட்கார முடியாது. என் தங்கச்சி ஓலெவல் எழுத இருந்தாள். 2021இல் நடந்திருக்க வேண்டிய பரீட்சை, கொரோனாவால் தள்ளித் தள்ளி 2022 மே மாதம் என்று வந்து நின்றது. மெழுகுவர்த்தி வாங்கிக் கட்டுபடியாகவில்லை. சார்ஜ் லைட் இருந்தது, ஆனால் அதைச் சார்ஜ் பண்ணவும் கரன்ட் வேணுமே. அம்மா பரணில் கிடந்த குப்பி லாம்பை இறக்கித் துடைத்தாங்க. கரன்ட் வந்து பதினெட்டு வருசமான லயத்தில் மறுபடியும் புகை வாசம்.

அன்றைக்கு நல்ல குளிர். கட்டிலில் உட்கார்ந்து, கம்பளியைத் தோளில் போர்த்திக்கொண்டு, லாம்பை டிரங்குப் பெட்டிமேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் எடுக்கத் திரும்பியபோது கம்பளியின் ஓரம் போத்தலைத் தட்டிவிட்டது. எண்ணெய் அவளுடைய இடது கை ஸ்வெட்டரில் ஊற்றியது. திரி பின்னாலேயே வந்தது. அப்பா ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார். எல்லாம் பத்துச் செக்கனுக்குள். அடுத்த காம்பராவில் இருந்து ஓடிவந்த அத்தை கைநிறையப் பற்பசையைப் பிதுக்கிப் பூசிவிட்டாங்க. நல்லெண்ணத்தில்தான்.

இனி ஆஸ்பத்திரிக்குப் போகணும். எங்கள் லயத்தில் ஒரு த்ரீவீல் இருந்தது. அந்த அண்ணன் இரண்டு நாள் பெற்றோல் செட்டில் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தவர். டேங்க் காலி. கடைசியில் மேல் லயத்து மோட்டார் சைக்கிளில் இருந்து குழாய் வைத்து உறிஞ்சி, அரைப் போத்தல் பெற்றோல் எடுத்துத்தான் வண்டி கிளம்பியது. கை வெந்ததும் எண்ணெயால். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் ரோட்டில் நின்றதும் எண்ணெய் இல்லாமையால். அந்த முக்கால் மணித்தியாலத்தை நான் எப்படி மறக்கிறது?

வலது கை தப்பியது. பரீட்சை எழுதினாள். நவம்பர் கடைசியில் முடிவு வந்தது, ஆறு ஏ. அன்று இரவே யாரோ பதிவு போட்டுவிட்டார்கள். அதே வாசகம், அதே குப்பி விளக்கு, அதே கைதட்டல். படத்தில் அவள் நீளக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் இந்த எண்ணெயைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அதுவரை எனக்கு மண்ணெண்ணெய் என்றால் ஒரு கேன், ஒரு வாசம், அப்புறம் கடையில் எழுதிவைக்கிற கடன். அவ்வளவுதான்.

கசிப்பு காய்ச்சுகிறதைப் பார்த்தவர்களுக்கு எண்ணெய் சுத்திகரிப்பு சுலபமாக விளங்கும். (யார் பார்த்தீங்க என்று நான் கேட்கப் போவதில்லை.) கச்சா எண்ணெயைக் கொதிக்கவைத்து உயரமான கோபுரத்துக்குள் விட்டால், லேசான பொருள்கள் ஆவியாக மேலே போய்க் குளிரும். கனமானவை கீழே தங்கும். உச்சியில் சமையல் எரிவாயு. அதற்குக் கீழே நெப்தா. நாப்தா என்றும் எழுதுவார்கள். பெற்றோலுக்கு மூலப்பொருளே இதுதான். அதற்கும் கீழே மண்ணெண்ணெய், பிறகு டீசல், அடியில் உலை எண்ணெயும் தாரும். எல்லாம் ஒரே பீப்பாயின் பிள்ளைகள். ஆகாயத்தில் போகிற விமானத்துக்கு ஊற்றுகிற எரிபொருளும் மண்ணெண்ணெய் தட்டில் இருந்து வருவதுதான், கூடுதலாகச் சுத்தம் செய்தது. எங்கள் காம்பராவில் எரிகிற அதே சாதி எண்ணெய்தான் தலைக்குமேல் பறக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்கிடையில் குணத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. திரவம் தானாக எரிவதில்லை, அதிலிருந்து எழும்புகிற ஆவிதான் எரிகிறது. எந்த வெப்பநிலையில் தீப்பொறி பட்டதும் பற்றுகிற அளவுக்கு ஆவி வருகிறதோ அதுதான் கணக்கு. மண்ணெண்ணெய்க்கு அது குறைந்தது 38 பாகை செல்சியஸாக இருக்க வேண்டும் என்பது பொதுவான தரம். பெற்றோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகையளவு. லேசான நெப்தாவும் பூச்சியத்துக்குக் கீழேதான். அதாவது ஹட்டனில் மார்கழிக் குளிரில்கூடப் பெற்றோல் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெய் அப்படி இல்லை. அதனால்தான் அதை வீட்டுக்குள் விட்டார்கள்.

அப்படியானால் தங்கச்சியின் கை ஏன் வெந்தது? எங்க காம்பராவில் அன்று 18 பாகைகூட இருந்திருக்காது. இதற்குப் பதில் லாம்பிலேயே இருக்கிறது. திரி என்ன செய்கிறது? துணியின் இழைகள் எண்ணெயை மெல்லியதாக உறிஞ்சி மேலே கொண்டுவருகின்றன, தீயின் சூட்டில் அது ஆவியாகி எரிகிறது. எண்ணெய் சிந்திய ஸ்வெட்டரும் அதையேதான் செய்கிறது. கம்பளி, ஸ்வெட்டர், போர்வை, சாக்கு. குளிருக்காக நாங்கள் உடம்பில் சுற்றிக்கொள்கிற எல்லாமே, மண்ணெண்ணெய் பட்ட நிமிசத்தில் ஒரு பெரிய திரி. செயற்கை நூல் என்றால் உருகித் தோலோடு ஒட்டியும் விடும். 38 பாகை என்ற கணக்கு போத்தலுக்குள் இருக்கிற எண்ணெய்க்கு. போத்தல் சரிந்த பிறகு அந்தக் கணக்கு யாரையும் காப்பாற்றாது.

இந்த 38 எங்கே இருந்து வந்தது என்று தேடினால் ஒரு பழைய கதை கிடைக்கிறது. 1860களில் அமெரிக்காவில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியபோது எல்லோருக்கும் வேண்டியிருந்தது விளக்கெரிக்கிற மண்ணெண்ணெய். கார் பிறக்கவில்லை, அதனால் நெப்தாவுக்கு மதிப்பே இல்லை. அதைக் கொட்ட மனமில்லாத வியாபாரிகள் மண்ணெண்ணெயில் கலந்து விற்றார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். விளக்குகள் வெடித்தன, ஆயிரக்கணக்கில் மனுசர் செத்தார்கள். பிரித்தானியாவின் 1862ஆம் ஆண்டுப் பெற்றோலியச் சட்டம் 100 பாகை பரன்ஹைட்டுக்குக் கீழே பற்றக்கூடிய ஆவியை விடுகிற எண்ணெயை ஆபத்தானது என்று வரையறுத்தது. அந்த 100ஐ செல்சியஸுக்கு மாற்றிப் பாருங்கள், ஏறத்தாழ 38. விளக்கு வெடித்துச் செத்தவர்கள் விட்டுப்போன எண் அது.

கலப்படம் பழைய கதை இல்லை என்பதுதான் கஷ்டம். எங்கே மண்ணெண்ணெய் மலிவாக இருக்கிறதோ அங்கே அதைத் தூக்கி டீசலில் கலக்கிற கூட்டம் வரும். இலங்கையிலும் வந்தது, இந்தியாவிலும் வந்தது. ஆனால் எதிர்ப்பக்கக் கலப்படம்தான் ஆளைக் கொல்லும். மண்ணெண்ணெய்க் கேனில் மிச்சமிருந்த கொஞ்சப் பெற்றோல். 2022இல் எத்தனை வீடுகளில் ஒரே கேனில் ஒரு கிழமை பெற்றோலும் மறு கிழமை மண்ணெண்ணெயும் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் பெற்றோல் கேன், நாலடி தள்ளி விறகடுப்பு. வரிசையில் நின்றவர்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நாளைக்குக் கிடைக்காது என்ற பயத்தில் சேர்த்துவைக்கிறது மனுச இயல்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் சேர்த்துவைக்க வேறு இடம் ஏது?

இனி அந்த 2022ஐ இந்தப் பீப்பாய் வழியாகப் பாருங்கள். நம் நாட்டில் இருப்பது ஒரே ஒரு சுத்திகரிப்பு நிலையம், சப்புகஸ்கந்தை. 1969இல் தொடங்கியது, ஒரு நாளைக்கு 50,000 பீப்பாய் கொள்ளளவு. மண்ணெண்ணெயின் பெரும்பகுதி அங்கே இருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதன் நெப்தா, களனிதிஸ்ஸ மின்நிலையத்தின் ஒரு பகுதிக்கு எரிபொருள். டொலர் இல்லாமல் கச்சா எண்ணெய்க் கப்பல் வரவில்லை. 2021 நவம்பரில் ஒருமுறை சப்புகஸ்கந்தை மூடப்பட்டது, 2022 மார்ச்சில் மறுபடியும். நிலையம் நின்றால் நெப்தா இல்லை. நெப்தாவும் டீசலும் உலை எண்ணெயும் இல்லையென்றால் மின்நிலையங்கள் நிற்கும். கரன்ட் போனால் லாம்பு ஏற்றணும். லாம்புக்கு மண்ணெண்ணெய் வேணும். அதுவும் அதே சப்புகஸ்கந்தையில் இருந்து வர வேண்டியது. கரன்டும் கரன்ட் இல்லாத நாளைக்கான மாற்றும் ஒரே குழாயில் தொங்கிக்கொண்டிருந்தன. குழாய் அடைத்ததும் இரண்டும் ஒன்றாகப் போயின.

அதற்கு முன்னாலேயே இன்னொன்று நடந்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? 2021 கடைசியில் நாடெங்கும் கேஸ் சிலிண்டர் சம்பந்தப்பட்ட வெடிப்புகள். சிலிண்டருக்குள் புரோப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாற்றப்பட்டது பற்றிப் பெரிய சர்ச்சை. அந்தப் பயத்திலும், பிறகு வந்த கேஸ் தட்டுப்பாட்டிலும், டவுனில் கேஸ் அடுப்பு வைத்திருந்தவர்களும் மண்ணெண்ணெய் அடுப்பைத் தேடினார்கள். ஆக வரிசையில் எங்களோடு புதிதாக ஒரு கூட்டமும் சேர்ந்தது. 2022 மார்ச்சில் எரிபொருள் வரிசைகளில் நின்ற, எழுபது வயது தாண்டிய இரண்டு பேர் இரு வேறு இடங்களில் இறந்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது அப்பா சொன்னார்: "சாகுறதுக்கும் வரிசைதான்." அதற்குமேல் பேசவில்லை.

விலைக்கு வருவோம். 2021 டிசம்பரில் மண்ணெண்ணெய் 77 ரூபாவில் இருந்து 87 ஆனது. 2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவு ஒரேயடியாக 253 ரூபா ஏற்றி 340 ஆக்கினார்கள். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா, அதுவும் முழுப்பேர் விழுந்தால். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், 500. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்க்கு முழுப்பேரில் மூன்றில் ஒரு பங்கு, அரைப்பேரில் மூன்றில் இரண்டு பங்கு. பிறகு விலை படிப்படியாக இறங்கியது, 2024 முடியும்போது 200க்குக் கீழே வந்துவிட்டது, சம்பளமும் 1350 ஆனது. சரிதான். ஆனால் இறங்கிய 2024 விலையே பழைய 87இன் இரண்டு மடங்கு என்பதை யாரும் பேசுவதில்லை.

விலையேற்றத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் முழுப்பொய் இல்லை, அதையும் ஒத்துக்கொள்ளணும். அடக்க விலைக்குக் கீழே விற்றால் கூட்டுத்தாபனம் கடனில் மூழ்கும். மலிவு எண்ணெய் ஏழை வீட்டுக்குப் போகாமல் தொழிற்சாலைக்கும் லொறிக்கும் போகும். உண்மைதான். ஆனால் திருடியது லொறி, தண்டனை லாம்புக்கு. அதற்குப் பதிலாக, தேவைப்பட்டவர்களுக்குக் கையில் காசாக மானியம் தரலாம் என்ற பேச்சு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மானியத்துக்குப் பெயர்ப் பட்டியல் வேணும். பட்டியலுக்கு முகவரி வேணும். ஒரு லயத்தில் இருபது குடும்பம், எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும் என்று வாழ்கிற மனுசருக்குச் சொந்த முகவரி எங்கே? கடலில் போகிற மீனவர்களுக்கும் மண்ணெண்ணெய்தான் உயிர், வெளியிணைப்பு எஞ்சின் அதில்தான் ஓடுகிறது. அவர்கள் வீதிக்கு வந்தார்கள், சத்தம் கேட்டது. படகு நின்றால் சந்தையில் மீன் இல்லை, ஊருக்கே தெரியும். லயத்தில் லாம்பு அணைந்தால் யாருக்குத் தெரியும்? பார்ப்பதற்கும் வெளிச்சம் வேணுமே.

இந்த இடத்தில் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வைத்தியர் விஜய கொடகும்புர, இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர். குப்பி லாம்பு சரிந்து வெந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை செய்து செய்து அலுத்துப்போய், ஆஸ்பத்திரிக்கு வருமுன்னே நிறுத்த வழி இல்லையா என்று யோசித்தவர். அவருக்கு யோசனை கொடுத்தது மார்மைட் போத்தல். குட்டை, கனம், லேசில் கவிழாது. அதை வைத்து 1990களில் ஒரு பாதுகாப்பான விளக்கு வடிவமைத்தார், பெயர் சுதீப. தடித்த கண்ணாடி, விழுந்தாலும் உடையாது. இரண்டு பக்கம் தட்டை, சரிந்தாலும் உருளாது. திருகு மூடி, எண்ணெய் கொட்டாது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. விலையும் ஏழைகளுக்குக் கட்டக்கூடியது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது, அந்த விளக்குகள் லட்சக்கணக்கில் செய்து கொடுக்கப்பட்டன.

நான் இதை வாசித்தபோது முதலில் சந்தோசம், அடுத்த நிமிசம் கோபம். ஒரு தனி மனுசன் ஒரு போத்தலின் அடியை அகலமாக்கி இத்தனை உடம்பைக் காப்பாற்ற முடியும் என்றால், இந்த நாட்டுக்கு இது எவ்வளவு சின்ன வேலை! மண்ணெண்ணெய் விற்கிற ஒவ்வொரு இடத்திலும் இந்த மாதிரி ஒரு விளக்கு இருக்கணும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? எங்கள் பரணில் இருந்தது ஜாம் போத்தல். எங்களுக்கு அந்த வைத்தியருடைய பெயரே தெரியாது. பள்ளிக்கூடத்தில் எடிசன் பல்பு கண்டுபிடித்ததைப் பாடமாக்கினோம். ஜாம் போத்தல் வெளிச்சத்தில் உட்கார்ந்து.

எங்கள் ஊர் இருட்டில் கிடந்ததுதான் எனக்கு ஆறாத விசயம். ஹட்டனில் இருந்து நோட்டன்பிரிட்ஜ் பக்கம் போங்கள். காசல்ரீ நீர்த்தேக்கம், மவுசாகலை நீர்த்தேக்கம், கீழே லக்சபான. பொறியியலாளர் விமலசுரேந்திர இந்த ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதிவைத்தார். பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ அணை 1960களின் நடுவில். மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது, வரட்சி காலத்தில் பழைய கோயில் தலைகாட்டும், நாம் போய் செல்பி எடுப்போம். இந்தத் தண்ணீரில் பிறந்த கரன்ட் கம்பி வழியாகக் கொழும்புக்குப் போனது. கம்பிக்குக் கீழே கொழுந்து பறித்தவர்களுடைய லயங்களில் பலவற்றுக்கு அது வந்து சேர நாற்பது ஐம்பது வருசம் ஆனது. அதுவரைக்கும் கொழும்பில் இருந்து லொறியில் மண்ணெண்ணெய் மேலே ஏறி வந்தது. கரன்ட் கீழே, எண்ணெய் மேலே. இப்படி ஒரு பண்டமாற்று.

வந்த கரன்டும் எப்படி வந்தது? ஒரு காம்பராவுக்கு எடுத்த இணைப்பில் இருந்து பக்கத்துக்கு ஒரு வயர், அங்கே இருந்து இன்னொன்று. பழைய மரக் கூரை, கூரைக்குள் விறகும் சாக்கும். லயத்தில் தீ என்ற செய்தியைப் பத்திரிகையில் பாருங்கள், மின்னொழுக்கே காரணம் எனப் பொலிஸார் சந்தேகம் என்று முடியும். ஒரு காம்பராவில் பற்றினால் ஒரே கூரையடியில் பத்துக் குடும்பம் ரோட்டுக்கு வரும், தீயணைப்பு வண்டி தோட்டத்துப் பாதையில் ஏறி வருவதற்குள் தகரம் மட்டும் மிச்சம். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம் ஏறியபோது, குறைவாகப் பாவிக்கிற வீடுகளுக்குத்தான் மிகப் பெரிய அடி. பில் கட்ட முடியாமல் வெட்டுப்பட்ட வீடுகளில் மறுபடியும் என்ன எரிந்திருக்கும்? பரண்கள் எல்லா லயத்திலும் இருக்கின்றன.

நம்ம ஆட்களில் சிலரோடு எனக்குச் சண்டை இங்கேதான். மண்ணெண்ணெய் விலையைக் குறை என்று போராடுவது சரி, நானும் வருவேன். ஆனால் அதோடு நிறுத்தினால் நாம் கேட்பது மலிவான ஆபத்தை. கேட்க வேண்டியது மூன்று தலைமுறையாக ஒரே கட்டிலுக்கடியில் கேன் வைத்துத் தூங்காத வீட்டை. தனி வீடு, தனி இணைப்பு, ஒழுங்கான வயரிங், முகவரி. அது வரும்வரைக்கும் மானிய எண்ணெயும் கவிழாத லாம்பும் சூரிய விளக்கும். வீட்டுத்திட்டம் நடக்கிறதே என்று சொல்வீங்க. நடக்கிறது. ஒவ்வொரு அடிக்கல்லுக்கும் ஒரு பதாகை, பதாகைக்கு ஒரு படம். எண்ணிக்கையைத் தேவையோடு வைத்துப் பார்த்தால் பதாகைதான் அதிகம் தெரியும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "நாங்கெல்லாம் அதுலதான் படிச்சோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகல." மாமாமார், சில ஆசிரியர்கள். மரியாதையோடே சொல்கிறேன், ஒண்ணும் ஆகாதவங்கதான் மேடையில் நின்று பேசுறாங்க. ஆனவங்க நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருப்பாங்க. அந்தப் புகையை இரவெல்லாம் மூச்சில் இழுத்த அப்பாயிக்குக் கடைசிப் பத்து வருசம் இருமல் நிற்கவே இல்லை. அதை யாரும் சாதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது இன்றைக்கும் மண்ணெண்ணெய் இருக்கிற வீட்டில் இருந்தால், அந்த ஆஸ்பத்திரியில் தாதியம்மா எங்களுக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். தீப்பட்ட இடத்தில் பற்பசை, நெய், மை எதுவும் பூசக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிசம் பிடிக்கணும், ஐஸ் வேண்டாம், பிறகு சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு. எண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது, சின்னப் பிள்ளை தண்ணீர் என்று குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து, நேரே தூக்கிக்கொண்டு ஓடணும். பெற்றோல் வைத்த கேனில் மண்ணெண்ணெய் வாங்காதீங்க. எரிகிற லாம்புக்கு எண்ணெய் ஊற்றாதீங்க. எங்கள் லயத்தில் இதைச் சொன்னபோது ஒரு பாட்டி, "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதாடி?" என்றாங்க. தெரியும்தான். ஆனால் எங்கள் வீட்டிலும் தெரிந்துதானே இருந்தது.

தங்கச்சி இப்போது கம்பஸில் இருக்கிறாள். போன லீவுக்கு வந்தபோது அவள் படத்தைப் பழைய குழுவில் யாரோ மறுபடி போட்டிருந்தார்கள், புதிதாக ஓலெவல் எழுதப்போகிற பிள்ளைகளுக்கு ஊக்கமாம். அவள் ஒன்றும் எழுதவில்லை. நான்தான் கீழே எழுதினேன்: அவள் பெறுபேறுக்குக் கைதட்டுங்க, லாம்புக்கு வேண்டாம், நம்ம லயத்து வயரிங்கை யாராவது ஒரு எலெக்ட்ரீசியன் வந்து பார்த்துத் தர முடியுமா? இரண்டு பேர் இதயம் போட்டார்கள். ஒருத்தர் மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வயருக்கான காசை மட்டும் லயத்தில் சேர்த்து வையுங்கள் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகப் பரணை ஒதுக்கும்போது ஜாம் போத்தல் கிடைத்தது. கழுவித் துடைத்து, புதுத் திரி போட்டு, பாதி எண்ணெய்கூட ஊற்றி வைத்திருந்தது.

"ஏம்மா இத இன்னும் வச்சிருக்கீங்க?"

அம்மா தங்கச்சியைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்துக் கேட்டாங்க, "கரன்ட் போனா?"